இறுதிப் பில் பாஸாக முன்: திருகோணமலையில் அரச செலவைக் கண்காணிக்கும் மக்கள் குழு ஒன்றை நடத்துவது எப்படி?

மார்கழி மாதம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிறது. ஒழுங்கைக்குள் கொங்கிறீற்று போடுகிறார்கள். பலகை அடித்த இடத்துக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர் நிற்கிறது. கலவை அந்தத் தண்ணீருக்கு மேலேயே விழுகிறது. "ஏன் அண்ணை, மழை விட்டாப் பிறகு போடலாம்தானே?" என்று கேட்டால் மேசன் சொல்வது இதுதான்: "முப்பத்தொண்டாம் திகதிக்குள்ள பில் போடணுமாம் தம்பி. இல்லாட்டிக் காசு திரும்பிப் போயிடுமாம்."

மேசன் சொல்வது உண்மை. இலங்கையின் நிதியாண்டு சனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். ஒதுக்கீட்டுக் கடிதம் வருவது, மதிப்பீடு போடுவது, விலைமனுக் கோருவது என்று ஆண்டின் முக்கால்வாசி கடதாசியிலேயே போய்விடும். மண்வெட்டி நிலத்தில் படும்போது ஐப்பசி வந்துவிடுகிறது. திருகோணமலைக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். எங்கள் ஊரின் காலநிலைக்கும் அரசின் கணக்குப் புத்தகத்துக்கும் ஒவ்வொரு வருடமும் இப்படியே பொருந்தாமல் போகிறது. அடுத்த சித்திரையில் அந்த ஒழுங்கையில் சல்லி பல்லைக் காட்டும்.

இந்த வழிகாட்டியை எழுதுவது அந்தச் சல்லியைப் பார்த்து மனம் வெந்தவர்களுக்காக. ஊர்வலமும் முகநூல் பதிவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் சிறு குழுவின் அனுபவத்தில் பலன் தந்தது ஒன்றே: கடதாசியில் உள்ள அளவையும் நிலத்தில் உள்ள அளவையும், இறுதிப் பில் பாஸாக முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. பணம் கொடுபட்ட பிறகு கேட்டால் விசாரணை, குழு, அறிக்கை என்று வருடங்கள் ஓடிவிடும். கொடுபட முன் கேட்டால் ஒரு தொழினுட்ப உத்தியோகத்தரின் பேனாவே அதைத் திருத்திவிடும்.

வீண்செலவு வேறு, களவு வேறு

இந்த வித்தியாசத்தைக் குழுவில் உள்ள எல்லோரும் முதல் நாளே விளங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இணைப்பே இல்லாத இடத்தில் கட்டிய பொது மலசலகூடம், சந்தை கூடாத இடத்தில் கட்டிப் பூட்டிக் கிடக்கும் கடைத்தொகுதி, போன வருடம் போட்ட வடிகானை இந்த வருடம் உடைத்துக் குழாய் தாட்பது: இவற்றில் ஒருவரும் ஒரு சதமும் எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் மக்களின் பணம் போய்விட்டது. நாங்கள் கேட்க வேண்டியது "யார் எடுத்தது?" என்று அல்ல, "இது ஏன் இப்படி நடந்தது, யார் முடிவெடுத்தது?" என்றுதான். களவு என்ற சொல்லை ஆதாரம் கையில் வரும்வரை வாயால் சொல்லாதீர்கள். அந்தச் சொல் வந்த மறுகணமே நேர்மையான உத்தியோகத்தரும் வாயை மூடிக்கொள்வார்.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

ஏழு பேர் போதும். ஐம்பது பேரைச் சேர்த்தால் கூட்டம் போடுவதே வேலையாகிவிடும். அந்த ஏழு பேரில் இந்த நால்வகை ஆட்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது: கணக்கு வழக்கு தெரிந்த ஓய்வுபெற்ற ஒருவர் (எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ இருந்தவர்), கட்டட வேலை தெரிந்த மேசன் அல்லது படவரைஞர், சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், பகலில் ஊரிலேயே இருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர். கடைசியாகச் சொன்னவர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எத்தனை மணிக்கு டிப்பர் வந்தது, எத்தனை லோட் பறித்தது, எந்த நாள் வேலை நடக்கவில்லை என்பதெல்லாம் படலையில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

திருகோணமலையில் இன்னொன்றும் அவசியம். குழுவில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்க வேண்டும். பட்டினமும் சூழலும், மூதூர், கிண்ணியா, கந்தளாய், சேருவில, வெருகல் என்று 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ள மாவட்டம் இது. ஒரே சமூகத்தவர் மட்டும் கேள்வி கேட்டால், "அவங்கட ஊருக்குக் காசு வந்தது பொறுக்கேல்ல" என்று ஒரே வரியில் கதையைத் திருப்பிவிடுவார்கள். மூதூர்க்காரர் ஒருவரும் கந்தளாய்க்காரர் ஒருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் அந்தக் கதை எடுபடாது.

கட்சிப் பதவியில் இருப்பவர், சபை உறுப்பினர், ஒப்பந்தகாரர், அவர்களின் வீட்டுக்காரர் குழுவில் பொறுப்பு எடுக்கக் கூடாது. நல்லவர்களாக இருந்தாலும் வேண்டாம். ஒப்பந்தகாரரிடமிருந்து தேநீர்ச் செலவுக்குக்கூடக் காசு வாங்காதீர்கள். உங்கள் குழுவின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொது இடத்தில் ஒட்டுங்கள். போட்டோப் பிரதிக்கு 340 ரூபாய் செலவழித்திருந்தால் அதையும் பற்றுச்சீட்டோடு ஒட்டுங்கள்.

பதிவு செய்யத்தான் வேண்டுமா? தகவல் கேட்பதற்குத் தேவையில்லை. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் "பிரசை" என்ற சொல்லுக்குள், அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைப் பிரசைகளாக உள்ள அமைப்பும் அடங்கும். அது கூட்டிணைக்கப்படாத அமைப்பாகவும் இருக்கலாம்.

படி 2: இது யாருடைய காசு?

பலர் சறுக்கும் இடம் இது. வீதி உடைந்தால் சபைத் தலைவரைத் திட்டுவோம். வீதியோ அவருடையதாக இராது. ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கந்தளாய்ப் பக்கமிருந்து வரும் ஏ6, அனுராதபுரத்திலிருந்து வரும் ஏ12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ15 மூன்றும் இதில் சேரும். சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஊர் உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்குரியவை. அதற்குள்ளும் சபையின் வீதிக்கு அமைச்சின் பணம் பிரதேச செயலகம் ஊடாக வந்து, வேலையை ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் செய்யலாம். அப்படியானால் கடதாசி நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் விளம்பரப் பலகையில் திட்டத்தின் பெயர், நிதி மூலம், தொகை இருக்கும். அதைத் திகதியோடு படம் எடுத்து வைத்தால் பாதித் தேடல் மிச்சம். பலகையே இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கேட்பதற்கு ஆளில்லாத காலங்களில் கூடுதல் கவனம் தேவை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் மாகாணத்தின் பணம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரின் கேள்விக்கும் உட்படாமல் செலவானது. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உத்தியோகத்தரின் கையில் இருந்தன. இப்போது சபைகள் இருக்கின்றன. மாதாந்தக் கூட்டத்தில் பார்வையாளராகப் போய் அமருங்கள். வருடக் கடைசியில் அடுத்த ஆண்டுக்கான பாதீடு வரும் கூட்டத்தைத் தவறவிட வேண்டாம். சோலைவரி, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று உங்கள் சபைக்கு எங்கிருந்து காசு வருகிறது என்பது அன்றைக்கு விளங்கும்.

படி 3: ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுப்பது

துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் முதலில் தொடாதீர்கள். 200 மீற்றர் ஒழுங்கை, ஒரு பாலர் பாடசாலைக் கட்டடம், ஒரு மதகு: இந்த அளவில் தொடங்குங்கள். வேலை இன்னும் முடியாததாக இருக்க வேண்டும். நீங்கள் தினம் நடந்து போகும் இடமாக இருப்பது இன்னும் நல்லது.

சிறிய வேலைதானே என்று தோன்றும். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மக்கள் படகுப் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. ஒரு வேலை எப்போது முடியும், முடியும்வரை சனங்கள் எப்படிப் போய்வருவது, அந்த மாற்று வழியின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தக் கடதாசியோடு சேர்ந்த கேள்விகள். அவற்றை முன்கூட்டியே கேட்க ஊரில் ஆள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஆழமாகப் பதிந்தது அந்த நாளில்தான்.

படி 4: தகவல் கேட்பது

எங்கள் கையில் உள்ள சிறந்த கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அடியில் அரசியலமைப்பின் 14அ உறுப்புரை இருக்கிறது. 2015இல் 19ஆம் திருத்தத்தின் மூலம் வந்தது. ஆகவே இது அடிப்படை உரிமை. உத்தியோகத்தர் காட்டும் கருணை என்று நினைத்துக் குனிந்து நிற்கத் தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டு, "சட்டத்தில காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு இருக்கு ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஒருவரும் நியமிக்கப்படாவிட்டால் அலுவலகத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை.

எழுதும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. "இந்த வீதி வேலையில் நடந்த முறைகேடு பற்றிய விபரங்களைத் தரவும்" என்று எழுதினால் "அப்படியான விபரம் எம்மிடம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அதில் பிழையும் இல்லை. விளக்கம் கேட்காதீர்கள், ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் எழுதும் வடிவம் இது:

"… கிராம உத்தியோகத்தர் பிரிவில் … ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இடும் வேலை தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தரவும்: அனுமதிக்கப்பட்ட மதிப்பீடும் பி.ஓ.கியூ.வும், கிடைத்த விலைமனுக்களின் ஒப்பீட்டு அட்டவணை, ஒப்பந்த உடன்படிக்கை, வேலை தொடங்கிய, முடிய வேண்டிய திகதிகள், கால நீடிப்புக் கடிதம் இருந்தால் அதுவும், அளவுப் பதிவுத் தாள்கள், கொங்கிறீற்றுப் பரிசோதனை அறிக்கை, இன்றுவரை கொடுக்கப்பட்ட கொடுப்பனவு வவுச்சர்கள்."

பி.ஓ.கியூ. என்பதை ஊரில் எல்லோரும் அப்படியேதான் சொல்வார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பொருள், என்ன அளவு, என்ன விலை என்ற பட்டியல் அது. அது கையில் இல்லாமல் வீதியில் போய் நின்று பயனில்லை.

கோரிக்கையைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை அங்கேயே வாங்குங்கள். இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம் உண்டு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். இந்தத் திகதிகள் எல்லாவற்றையும் ஒரு சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதித் தொங்கவிடுங்கள். எங்கள் முதல் மேன்முறையீடு நாள் பிந்தியதால் வீணானது. உத்தியோகத்தரில் ஒரு பிழையும் இல்லை, நாங்கள்தான் எண்ணவில்லை.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவை அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே, அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் தெரிவிக்க வேண்டிய கடமை அமைச்சருக்கு உண்டு. வேலை தொடங்குமுன் கேள்வி கேட்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

படி 5: நாடாவோடு போவது

30 மீற்றர் அளவு நாடா, எஃகு அடிமட்டம், சோக்கட்டி, கொப்பி, கமராவுள்ள கைத்தொலைபேசி. வேறொன்றும் வேண்டாம்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். பி.ஓ.கியூ.வில் 200 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு என்று இருக்கிறது. 200 × 3 × 0.15 = 90 கனமீற்றர் கொங்கிறீற்று. நிலத்தில் தடிப்பு 110 மில்லிமீற்றர்தான் என்றால் 200 × 3 × 0.11 = 66. குறைவது 24 கனமீற்றர். ஒரு கலவை லொறி ஏறக்குறைய 6 கனமீற்றர் கொண்டுவரும். அப்படியானால் நான்கு லொறி கலவை அந்த ஒழுங்கைக்கு வரவே இல்லை. மேலே நின்று பார்ப்பவருக்கு வீதி ஒன்றுபோலத்தான் தெரியும். நீளமும் அகலமும் சரியாகவே இருக்கும். தடிப்பில்தான் எல்லாம் ஒளிந்திருக்கும். படலையில் நின்று லோட் எண்ணிய அம்மாவின் கொப்பி இந்த இடத்தில்தான் பொன்னாகிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஒழுங்கையில் மழை ஓரக் கிறவலை அரித்துக்கொண்டு போய்விட்டது. கொங்கிறீற்றின் பக்கம் வெளியே தெரிந்தது. அடிமட்டத்தை வைத்தோம்: 11 சென்ரிமீற்றர். கை நடுங்கியது. அன்றைக்கே கடிதம் எழுதி அலுவலகத்துக்குப் போனோம். தொழினுட்ப உத்தியோகத்தர் கடிதத்தை வாசித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "எத்தனை இடத்தில அளந்தனீங்கள்?" ஒரே இடத்தில். "பலகை அடிக்கேக்க நிலம் மேடு பள்ளமாத்தான் இருக்கும். ஒரு இடத்தை வைச்சு நான் என்னத்தைச் சொல்ல?" அவர் கேட்டது நியாயம். அடுத்த கிழமை பத்து மீற்றருக்கு ஓரிடமாக, இரண்டு பக்கமும் அளந்தோம். சில இடங்களில் 15 இருந்தது, சில இடங்களில் 14. ஒரு முனையில் கிட்டத்தட்ட 60 மீற்றர் தூரத்துக்கு 11ஐத் தாண்டவே இல்லை. அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு அளவுக்கும் அடிமட்டம் தெரியப் படமும் வைத்துக் கொடுத்தோம். அவர் எங்களோடு வந்து திரும்ப அளந்தார். இறுதிப் பில்லில் அந்தப் பகுதிக்குரிய தொகை கழிக்கப்பட்டது. சத்தம் இல்லை, சண்டை இல்லை.

வேலை நடக்கும்போதே பார்க்கக்கூடியவையும் உண்டு. கலவைக்குக் கீழே பொலித்தீன் விரிக்கும்படி பி.ஓ.கியூ. சொன்னால் விரித்தார்களா? போட்ட பின் ஒரு கிழமையாவது ஈரச்சாக்கோ தண்ணீரோ விட்டுக் காத்தார்களா? பலத்தைப் பார்க்கக் கலவையில் சோதனைக் கட்டி வார்த்து எடுத்தார்களா? எடுத்தால் ஏழாம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்த அறிக்கை இருக்க வேண்டும். கட்டட வேலையிடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். எதையும் கிண்டவோ உடைக்கவோ வேண்டாம்.

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுத்த வேலையென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. சங்கம் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் வேறொரு ஒப்பந்தகாரர் வேலை செய்கிறாரா? சங்கத்தின் கூட்டக் குறிப்பையும் வங்கிப் புத்தகத்தையும் அங்கத்தவர்களே கேட்டுப் பார்க்கலாம். அது உங்கள் சொந்தச் சங்கமாகவும் இருக்கலாம். பெரியப்பாவின் மகன் தலைவராக இருக்கும்போது கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும்.

படி 6: எங்கே கொண்டுபோவது

முதலில் வேலையைச் செய்யும் அலுவலகத்துக்கே கொடுங்கள், இரண்டு கிழமை அவகாசத்தோடு. சபையின் வேலையானால் அடுத்தது உள்ளூராட்சி உதவி ஆணையாளர். பிரதேச செயலகம் ஊடான வேலையானால் கச்சேரியில் மாவட்டச் செயலாளர். பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கு முன் ஒரு பிரதியை உறுப்பினர்கள் எல்லோருக்கும், எந்தக் கட்சி என்று பாராமல் அனுப்புங்கள்.

கணக்காய்வாளர் நாயகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். உள்ளூராட்சி சபைகளின் கணக்கையும் அவருடைய தேசிய கணக்காய்வு அலுவலகமே கணக்காய்வு செய்கிறது. பழைய ஆண்டுகளின் அறிக்கைகள் அந்த அலுவலகத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. உங்கள் சபையின் அறிக்கையை முதலில் வாசியுங்கள். நீங்கள் சந்தேகப்படும் விடயத்தைக் கணக்காய்வாளர் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில், நட்டத்தை அதற்குக் காரணமானவரிடமே அறவிடும் ஏற்பாடும் உண்டு.

இலஞ்சம் கைமாறியதற்கு உண்மையான ஆதாரம் இருந்தால் மட்டும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, பொய்யென்று தெரிந்துகொண்டே முறைப்பாடு கொடுப்பது குற்றம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருப்பதால், ஆவணத்தில் இல்லாத ஒரு சொல்லையும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். ஆளின் பெயரைப் போடாமல் வேலையின் பெயரையும் அளவையும் போடுங்கள்.

படி 7: ஊர் முன்னால் வாசிப்பது

இராசஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மக்களைக் கூட்டி, அரச வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்லையும் சத்தமாக வாசித்தது. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழும்பி, "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்றார்கள். கூலியாட்களும் கமக்காரர்களும் தொடங்கிய அந்த முறை வளர்ந்துதான் இந்தியாவின் 2005 தகவல் சட்டத்துக்கு வழி போட்டது.

இங்கே அதையே கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வாசிகசாலையிலோ செய்யலாம். பி.ஓ.கியூ.வை ஒரு மணி நேரம் வாசியுங்கள், அவ்வளவுதான். உத்தியோகத்தருக்கும் ஒப்பந்தகாரருக்கும் எழுத்தில் அழைப்புக் கொடுத்து முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு உரிய நேரமும் கொடுங்கள். நன்றாகச் செய்த வேலையானால் அதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். குறை மட்டும் சொல்லும் குழுவிடம் எந்த உத்தியோகத்தரும் இரண்டாம் முறை வரமாட்டார்.

மிரட்டல் வந்தால் தனியாக வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே குழுவுக்குச் சொல்லி, பொலிசில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். ஆவணங்களின் படங்கள் குறைந்தது மூன்று பேரின் தொலைபேசியில் இருக்கட்டும். கடிதங்களில் எப்போதும் ஒருவர் மட்டும் கையெழுத்து வைக்கக் கூடாது.

படி 8: ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போவது

வேலை முடிந்தாலும் ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துத்தான் வைத்திருப்பார்கள். குறை திருத்தும் காலம் பெரும்பாலும் ஓராண்டு. அதற்குள் வெடிப்பு, உடைவு வந்தால் அவர் தன் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் அந்த ஆண்டு சத்தமில்லாமல் முடிந்து, பிடித்த பணமும் விடுபட்டுவிடும். பிறகு அதே ஒழுங்கைக்குத் திருத்த வேலை என்று புதுப் பணம் ஒதுக்குவார்கள். ஆகவே ஒப்பந்தப் பிரதியில் அந்தக் காலம் முடியும் திகதியைப் பார்த்து, அதற்கு இரண்டு மாதம் முந்திய ஒரு சனிக்கிழமையைக் கலண்டரில் குறியுங்கள். அன்று காலையில் அதே நாடாவோடும் பழைய படங்களோடும் போய், சோக்கட்டியால் முன்பு எண் போட்ட அதே இடங்களில் நின்று திரும்பப் படம் எடுங்கள். வெடிப்பின் நீளத்தை அளந்து எழுதி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.